இஸ்திரி போட்ட கடிதம்

"வெறும் தாளை மடிச்சுக் குடுத்துட்டு உன்னைச் சுத்தல்ல வுட்டிருக்கான்டீ."

"வெறும் தாள் இல்ல. சாய்ச்சுப் புடிச்சுப் பாரு, எழுதின எடம் மட்டும் சொரசொரன்னு இருக்குது."

"எனக்கு எண்ணெக் கறைதான் தெரியுது."

"அது மொளகா பஜ்ஜி. அதை வுடு. ஜன்னலைச் சாத்து, காத்துல பறக்குது."

சுதா எழுந்து ஜன்னலைச் சாத்தினாள். சனிக்கிழமை அரை நாள் பள்ளி முடிந்து பிள்ளைகள் எல்லோரும் போய்விட்டார்கள். வேதியியல் ஆய்வகத்தில் அவர்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை. புவனா அந்த ஆய்வகத்தின் உதவியாளர். சுதா பள்ளி அலுவலகத்தில் தட்டச்சு செய்பவள். 'இங்கே உணவு உண்ணக் கூடாது' என்று சுவரில் எழுதியிருக்கும் வாசகத்துக்கு நேர் கீழே உட்கார்ந்து தினமும் மதியச் சாப்பாடு சாப்பிடுபவள்.

மேசைமேல் கிடந்த தாள் நேற்று மாலை எழிலன் கொடுத்தது. மலையடிவாரத்தில் அவனும் அவன் அம்மாவும் பஜ்ஜிக் கடை வைத்திருந்தார்கள். பொட்டலத்தோடு சேர்த்து இந்தத் தாளையும் நீட்டினான். "லேப் மேடம், இதுக்கு நீங்கதான் மருந்து அடிக்கணும்" என்று சொல்லிவிட்டு உடனே வாணலியின் பக்கம் திரும்பி, வெந்துவிட்ட பஜ்ஜிகளையே மறுபடி புரட்ட ஆரம்பித்தான்.

மருந்து என்று அவன் சொன்னது பினாப்தலீன். மூன்று வாரத்துக்கு முன் பள்ளியில் அறிவியல் கண்காட்சி நடந்தது. அதற்கு பஜ்ஜி கொண்டுவந்த எழிலன், புவனாவின் மேசை முன் நின்றுவிட்டான். சலவை சோடா கரைத்த நீரால் எழுதிக் காயவைத்த வெள்ளைத் தாள்கள் அங்கே இருந்தன. பினாப்தலீனைத் தெளித்ததும் 'வருக' என்று ரோஜா நிறத்தில் எழுத்து எழும். எழிலன் பிள்ளைகளோடு வரிசையில் நின்று அதை மூன்று முறை பார்த்தான். "இதை யாரு வேணா எழுதலாமா?" என்று கேட்டான். துணி துவைக்கிற சோடா இருந்தால் போதும் என்றாள் அவள். "அப்ப நானும் ஒருநாள் எழுதறேன்" என்றான். இரண்டு வருடப் பழக்கத்தில் பஜ்ஜியைப் பற்றி இல்லாமல் அவன் பேசிய முதல் பேச்சு அதுதான்.

பனி விழும் நாடுகளின் கதைகளைத் தமிழில் புவனா நிறையப் படித்திருந்தாள். அவற்றில் கடிதங்கள் குதிரை வண்டியில் வரும், அரக்கு முத்திரையோடு. அவளுக்கு வந்த முதல் கடிதத்தில் கடலை மாவு வாசனை அடித்தது. அரக்கைவிட அது நன்றாக இருப்பதாகவே அவளுக்குத் தோன்றியது.

"கடைக்குத் தராசு எரவல் கேட்டிருப்பான்," என்றாள் சுதா. "லேப்ல சும்மாதானே கெடக்குதுன்னு."

"கேட்டா குடுத்துடறேன். சும்மா இரு."

புவனா பினாப்தலீன் சீசாவை எடுத்துத் தெளிப்பானில் ஊற்றினாள். தாளை நேராக வைத்து, மேலிருந்து கீழாக மெல்லத் தெளித்தாள். இருவரும் குனிந்து பார்த்தார்கள்.

ஒன்றும் நடக்கவில்லை. தாள் ஈரமானது, அவ்வளவுதான். மேலே எங்கோ ஓர் இடத்தில் இளஞ்சிவப்பு நிழல் மாதிரி ஏதோ வந்தது. கண்ணின் மயக்கமோ என்று நினைப்பதற்குள் போயிற்று. பிறகு தாளின் கடைசி விளிம்பில் மட்டும், யாரோ சொல்லிவைத்ததுபோல் ஒரே ஒரு வரி பளிச்சென்று ரோஜா நிறத்தில் எழுந்தது.

'சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குள்ள சொல்லுங்க. இப்படிக்கு எழிலன்.'

சுதா வாயிலிருந்த சோற்றை விழுங்கினாள். "இன்னாத்தை சொல்லணும்?"

"அதுதான் மேல இருக்குது."

"மேல ஒண்ணும் இல்லியே."

"இருக்குது. வரல."

சுதா சாப்பாட்டு டப்பாவை மூடினாள். அவள் குரலில் இப்போது கேலி இல்லை. "புவனா, நகரியிலேருந்து அவனோட மாமா வராரு இல்ல? இன்னிக்குத்தானே?"

"ஆங். இன்னிக்கு."

அது மலையடிவாரத்தில் பூ விற்பவர்களுக்குக்கூடத் தெரிந்த செய்தி. எழிலனின் அம்மா கோவிந்தம்மாள் ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய அண்ணன் ராஜகோபால் தன் பெண்ணை எழிலனுக்குக் கொடுக்கும் பேச்சை முடிக்க வருகிறார். இன்று பேசி முடித்தால் முடித்ததுதான். இந்தத் தாளில் புவனா நினைப்பதுதான் எழுதியிருக்கிறது என்றால், ஆறு மணிக்குள் அவள் பதில் சொல்ல வேண்டும். வேறு ஏதாவது எழுதியிருந்து, அவளாகப் போய் ஏதாவது உளறினால், அப்புறம் அந்தப் பக்கம் பஜ்ஜி வாங்கப் போக முடியாது.

"போன் பண்ணு."

பண்ணினாள். எடுத்தது கோவிந்தம்மாள். "அவன் போனை சார்ஜுல போட்டுட்டு கனகம்மாசத்திரம் போயிருக்கான்மா, வாழக்கா எடுத்துகினு வர" என்று சொல்லி வைத்துவிட்டார்.

"மஞ்சத்தண்ணி தெளிச்சுப் பாரேன். சோடா பட்டா மஞ்சள் செவப்பா மாறுமே," என்றாள் சுதா.

"துணி சோடான்னா நல்லா மாறும். இதுல இன்னா இருக்குதுன்னே தெரியல. தாள் பூரா மஞ்சளாயி, எழுத்தும் அரைகொறையா ஆரஞ்சாயிட்டா? இருக்கிறது ஒரே ஒரு தாள்டீ."

புவனா அலமாரியைத் திறந்தாள். அடுத்தடுத்து இரண்டு சீசாக்கள். இரண்டிலும் வெள்ளைப் பொடி. சோடியம் கார்பனேட் ஒன்று, அதுதான் சலவை சோடா. சோடியம் பைகார்பனேட் இன்னொன்று, அதுதான் ஆப்ப சோடா. இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் இரண்டு சோதனைக் குழாய்களில் கரைத்தாள். இன்னொரு நிறங்காட்டியான மெத்தில் ஆரஞ்சை விட்டிருந்தால் இரண்டும் மஞ்சளாகி ஒன்றையும் காட்டிக் கொடுத்திருக்காது. பினாப்தலீனை விட்டாள். சலவை சோடா ஒரே சொட்டில் கல்யாணக் கூறைப்புடவைபோல் சிவந்தது. ஆப்ப சோடா தண்ணீராகவே இருந்தது. உற்றுப் பார்த்தால் வெட்கப்பட்டமாதிரி ஒரு சாயல், அவ்வளவுதான்.

"சோடாவை மாத்திட்டாரு," என்றாள் புவனா. "ஆனா அப்படின்னா கடைசி வரி மட்டும் எப்படி வந்துச்சு?"

அதுதான் புரியவில்லை. ஒரே ஆள், ஒரே கிண்ணம், ஒரே குச்சி. ஆய்வகத்தைப் பூட்டிச் சாவியை ஒப்படைக்கவே நாலரை மணி ஆகிவிட்டது. அவள் தாளை ஒரு பழைய ரெக்கார்டு நோட்டுக்குள் வைத்துக்கொண்டு புறப்பட்டாள். சுதாவும் செருப்பை மாட்டினாள். "நான் இல்லாம நீ படிச்சுடுவியா," என்றாள்.

மறுநாள் கிருத்திகை என்பதால் இன்றே மலையடிவாரத்தில் கூட்டம் கூடியிருந்தது. சந்தனம் பூசிய மொட்டைத் தலைகள் சாலையெல்லாம் நிறைந்திருந்தன. கடையில் கோவிந்தம்மாள் கடலை மாவைக் கரைத்துக்கொண்டிருந்தார். ஒரு கையால் கலக்கி, மறு கையால் பெஞ்சைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"அவன் அஞ்சரைக்குள்ள வந்துருவான். எங்கண்ணன் ஆறு மணி பஸ்ல வராரு. இன்னா விஷயம்மா?"

புவனா தொண்டையைச் சரிசெய்துகொண்டாள். "ஸ்கூல்ல ஒரு சோதனை. சோடா சம்பந்தமா. உங்க வீட்டுல துணிக்குப் போடற சோடா இருக்குதுங்களா?"

"நல்லா கேட்ட போ. இதேதான் அவனும் வியாழக்கெழமை கேட்டான். துணி சோடாவைக் குடுத்தேன். கொஞ்ச நேரம் அதையே பாத்துகினு இருந்துட்டு, 'வேணாம்மா, இது கையைப் பொத்துரும், அவங்க தொடுவாங்க'ன்னு சொல்லிட்டு, பஜ்ஜிக்குப் போடற சோடாவை எடுத்துகினு போய்ட்டான். யாருடா தொடுவாங்கன்னு கேட்டா, கஸ்டமருன்றான்."

சுதா முகத்தைத் திருப்பிக்கொண்டு மலையைப் பார்த்தாள். அவள் தோள் குலுங்கிற்று.

காய்ந்த தாளில் ஒட்டிய சோடா யார் கையையும் புண்ணாக்கிவிடாது. கண்காட்சி அன்று நாள் முழுக்க அதைத் தொட்டுக்கொண்டிருந்தவள் அவள்தான். ஆனாலும் அவன் யோசித்திருக்கிறான். துணி துவைத்துத் துவைத்து அம்மாவின் விரல்கள் வெடித்துப்போனதைப் பார்த்து வளர்ந்தவன், புவனாவின் கை நோகக் கூடாது என்று தன் கடிதத்தையே ஊமையாக்கிவிட்டான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் கரித்தது; மிளகாய் வெட்டிவைத்த தட்டு பக்கத்தில் இருந்ததைச் சாக்காக வைத்துக்கொண்டாள்.

"எழுதினதைக் காயவெச்சாருங்களா?"

"அதை ஏன் கேக்கற. காய மாட்டேங்குதுன்னு அடுப்புப் பக்கத்துல சாத்தி வெச்சான். கீழ்ப்பக்கம் லேசா கருக ஆரம்பிச்சுது. நான்தான் கத்தினேன். எழுந்து ஓடியாந்து ஊதி ஊதி எடுத்துகினு போனான்."

புவனா நோட்டைத் திறந்து பார்த்தாள். தாளின் கீழ் விளிம்பு தேநீர் பட்டதுபோல் பழுப்பாக இருந்தது. ரோஜா வரி எழுந்தது அதற்கு மேல்தான்.

அவள் எழுந்துவிட்டாள். "வரேங்கம்மா."

"பஜ்ஜி வேணாமா?"

"வந்து வாங்கிக்கறேன்."

சாலையில் நடந்தபடியே சுதாவுக்குச் சொன்னாள். "ஆப்ப சோடா சூடு பட்டா காத்தை வுட்டுரும். பஜ்ஜி பொங்கறது அந்தக் காத்தாலதான். காத்து போனப்புறம் மிச்சம் நிக்கிறது இன்னா தெரியுமா? துணி சோடா. அடுப்புச் சூடு கீழ் வரியில மட்டும் பட்டுது, அது மாறிடுச்சு. மேல எல்லாம் இன்னும் ஆப்ப சோடாவாவே கெடக்குது."

"அப்ப சூடு பண்ணணும்."

"எரியாம."

"லேப்ல அடுப்பு இருக்குதே."

"பர்னர்ல வெச்சா கடைசி வரியும் போயிடும். பரவலா, ஒரே அளவா, தட்டையா ஒரு சூடு வேணும்."

இருவரும் ஒரே நேரத்தில் நின்றார்கள். எதிரே வேப்பமரத்தின் கீழே பங்காருவின் இஸ்திரி வண்டி நின்றது. கரி கனன்ற பித்தளைப் பெட்டியை அவர் அப்போதுதான் ஒரு சட்டைக் காலரில் வைத்து அழுத்தினார். பங்காரு ஆந்திரப் பக்கத்துப் புத்தூர்க்காரர். இங்கே வந்து பதினைந்து வருடம் ஆகியும் அவருடைய தமிழ் எல்லையில் ஒரு காலை வைத்துக்கொண்டே நின்றது.

"இதை இஸ்திரி போடணுங்க."

பங்காரு தாளைப் பார்த்தார். புவனாவைப் பார்த்தார். "ஏம்மா, இது காகிதம்."

"ஆமாங்க."

"சட்டை கொண்டா, போடறேன். வேட்டி கொண்டா, போடறேன். போன வாரம் ஒருத்தன் ரூபா நோட்டு கொண்டாந்தான், அதுவும் போட்டேன். வெத்துக் காகிதத்துக்கு இஸ்திரி எதுக்கு?"

"பொண்ணு மனசு மடிப்பா இருக்குது, நேர் பண்ணணும்," என்றாள் சுதா.

"அப்போ சரி," என்றார் பங்காரு, மிகத் தீவிரமாக. தாளைப் பழைய போர்வைமேல் விரித்தார். அவர் இடது கை தானாகப் போய், மூடியில் ஓட்டை போட்ட தண்ணீர் பாட்டிலை எடுத்தது.

"தண்ணி வேணாம்," புவனா அவர் கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்தாள். "எழுத்து கலைஞ்சிரும்."

"எழுத்து எங்க இருக்குது?"

"வரும். சும்மா ஒணக்கையா, ஈரம் படாம போடுங்க. ஒரு இடத்துல நிறுத்தாம, மெதுவா."

தண்ணீர் தெளிக்காமல் இஸ்திரி போடுவது பங்காருவுக்குச் செருப்பில்லாமல் வெயிலில் நடப்பதுபோல் இருந்திருக்க வேண்டும். முகத்தைச் சுளித்துக்கொண்டே பெட்டியை ஓட்டினார். தாள்மேல் ஒரு துணியைப் போட்டு, அதன்மேல் பெட்டியை வைத்து, மேலிருந்து கீழ், கீழிருந்து மேல். சூடேறிய காகிதத்தின் வாசனையும் எண்ணெய் வாசனையும் எழுந்தன. துணியைத் தூக்கிப் பார்த்தார்கள். தாள் வெள்ளையாகவே இருந்தது. ஈரம் காய்ந்ததில் அந்தக் கடைசி வரியும் மங்கிவிட்டிருந்தது.

சுதா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "அஞ்சே கால்."

"இன்னும் ரெண்டு ஓட்டு ஓட்டுங்க."

அவர் ஓட்டினார். முடிந்ததும், அடுத்து என்ன என்று யோசிக்காமல், பதினைந்து வருடப் பழக்கத்தில் அவர் இடது கை மறுபடி பாட்டிலை எடுத்தது. இந்த முறை யாரும் தடுப்பதற்குள் இரண்டு உதறு உதறிவிட்டது.

"ஐயையோ, மறந்துட்டேம்மா," என்றார் பங்காரு.

சொட்டுகள் விழுந்த இடமெல்லாம் பூத்தது. ஒரு சொட்டுக்குள் 'மேட' என்று இருந்தது. இன்னொன்றில் ஒரு 'ன்' தனியாகக் குதித்தது. தாளில் முன்பே உலர்ந்து ஒட்டியிருந்த பினாப்தலீன், தண்ணீர் கிடைத்ததும் விழித்துக்கொண்டது. பெட்டியின் சூட்டில் சலவை சோடாவாகிவிட்ட எழுத்துகளை அது ஒன்றொன்றாகத் தொட்டுச் சிவக்கவைத்தது.

புவனா மூச்சை விட்டாள். "இன்னும் தெளிங்க."

"வேணாம்னியே."

"இப்ப வேணும். மெதுவா. எல்லா எடத்துலயும்."

பங்காரு விரலால் தண்ணீரைத் தொட்டுத் தொட்டு, குழந்தைக்கு முகம் துடைப்பதுபோல் தெளித்தார். ரோஜா நிற வரிகள் மேலிருந்து கீழே இறங்கி வந்தன. ஓரங்கள் கொஞ்சம் கசிந்திருந்தாலும் படிக்க முடிந்தது.

"நான் தெலுகுதான் படிச்சவன்," என்றார் அவர், தானாகவே. "நீ தைரியமா படிம்மா."

சுதா தமிழ் படித்தவள். அவள் புவனாவின் தோள்மேல் கன்னத்தை வைத்துக்கொண்டாள். காய்வதற்குள் படித்துவிட வேண்டும் என்பதால் இருவரும் வேகமாகப் படித்தார்கள்.

'லேப் மேடம், வணக்கம். கண்காட்சி அன்னிக்கு நான் மூணு வாட்டி வரிசையில நின்னேன். மூணாவது வாட்டி நான் தாளைப் பாக்கல. எனக்கு நேர்ல பேச வராது. வாயைத் தொறந்தா வெங்காயமா வாழக்காவான்னுதான் வருது. சனிக்கிழமை மாமா வராரு. மாமா பொண்ணுக்கு இதுல இஷ்டம் இல்ல, அது பெங்களூர்ல மேல படிக்கணும்னு எங்கிட்டயே சொல்லிடுச்சு. நான் வேற ஒரு பேரு சொன்னாதான் மாமா இந்தப் பேச்சை வுடுவாரு. எனக்குத் தெரிஞ்சு ஒரே ஒரு பேருதான் இருக்குது. அந்தப் பேரு உங்களுது. உங்களைக் கேக்காம அதை யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். சொல்லலாமா, வேணாமா?'

அதற்குக் கீழேதான் சனிக்கிழமை ஆறு மணி இருந்தது.

இரண்டாம் முறை படிக்கும்போது மேல்வரி வெளிற ஆரம்பித்தது. பங்காரு கேட்காமலே அதன்மேல் இரண்டு சொட்டு விட்டார். மூன்றாம் முறை படித்தாள். புவனாவின் காது நுனிகள் எந்தத் தெளிப்பானும் இல்லாமல் தாளின் நிறத்துக்கு வந்திருந்தன. வேப்பமரம், கரிப்பெட்டி, சாலையில் திரும்பும் அரக்கோணம் பஸ் எல்லாமே சற்று முன்னே நகர்ந்து வந்து அவளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டதுபோல் இருந்தது.

"எவ்வளவுங்க?"

"காகிதத்துக்கு ரேட்டு இல்ல," என்றார் பங்காரு. "நல்ல சேதிதானே? அதுவே போதும். ஓடு."

அவள் ஓடவில்லை; ஆனால் சுதாவால் அவளோடு நடக்க முடியவில்லை. மலைமேல் ஒலிபெருக்கி ஏதோ பாடிக்கொண்டிருந்தது. காவடி தூக்கி வந்த ஒரு கூட்டத்தின் நடுவே புகுந்து, மயிலிறகு கன்னத்தில் உரச, மறுபக்கம் வெளியே வந்தாள்.

ஆறுக்குப் பத்து நிமிடம் இருந்தது. கடையில் கூட்டம் நின்றது. எழிலன் வாணலி முன் நின்றிருந்தான். அவன் மாமா முன்கூட்டியே ஒரு பஸ்ஸைப் பிடித்து வந்துவிட்டிருந்தார். வெள்ளைச் சட்டை, மடியில் துண்டு, கையில் பஜ்ஜித் தட்டு. பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"சொல்லுடா நைனா. உனக்குப் பிடிச்சா பிடிச்சுதுன்னு சொல்லு. மனசுல வேற யாருனா இருந்தா அதையும் சொல்லு. நான் இன்னா புலியா?"

"ஆறு மணி ஆவட்டும் மாமா."

"ஆறு மணிக்கு இன்னா, சைரன் ஊதுவாங்களா?"

"அவன் காலையிலேருந்து இப்படித்தான் கெடக்கறான்," என்றார் கோவிந்தம்மாள். "கடிகாரத்தைப் பாத்துகினு ரெண்டு ஈடு பஜ்ஜியைக் கருக்கிட்டான்."

எழிலன் நிமிர்ந்தான். கூட்டத்தின் பின்னால் புவனா நிற்பதைப் பார்த்தான். அவள் கையிலிருந்த தாளைப் பார்த்தான். சாலையில் நடந்து வந்ததில் தாள் பாதி காய்ந்துவிட்டது. ஆனாலும் நடுவில் நாலைந்து வரி இன்னும் ரோஜாவாக இருந்தது. கரண்டியிலிருந்து எண்ணெய் சொட்டிக்கொண்டே இருந்தது. அவன் அதை வாணலிக்கு மேல் பிடித்திருந்தது நல்லதாகப் போயிற்று.

"இன்னா வேணும் மேடம்," என்றான். கரண்டியைத் தட்டில் வைத்தான். பிறகு கேட்டான். "வெங்காயமா, வாழக்காவா?"

வரிசையில் நின்ற மொட்டைத் தலைகள் திரும்பிப் பார்த்தன. மாமா கடித்த பஜ்ஜியைக் கையிலேயே வைத்துக்கொண்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். சுதா மூச்சு வாங்க வந்து பின்னால் நின்றாள்.

புவனா தாளை நான்காக மடித்து ரெக்கார்டு நோட்டுக்குள் வைத்தாள். முன்னால் நின்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். அவள் அடுப்பின் சூடு முகத்தில் படும் தூரம்வரை வந்து நின்றாள்.

"எழிலன்," என்றாள். "எழுதினதைப் படிச்சுட்டேன். பதில் சொல்லத்தான் வந்தேன். ஆனா அதுக்கு முன்னாடி, இவங்க எல்லாரும் இருக்கும்போதே, ஒரே ஒருவாட்டி அதை வாயால கேளுங்க."